மிட்டல்வார்ஃப் ஆர்கன் பட்டறையின் வரலாற்றுக்கு ஒரு சிறு திருத்தம்

மிட்டல்வார்ஃப்,
4 அக்டோபர் 1974

மாவட்ட விழா மலரின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய டாக்டர் கெரீட் லூபென் ஐயா அவர்களுக்கு,

மிட்டல்வார்ஃப் ஆர்கன் பட்டறை காலஞ்சென்ற ஃபோல்கர்ட் ரேம்ட்ஸின் இளைய மகன் ஒன்னோ ரேம்ட்ஸ் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அண்ணன் ஹாபோவும் தங்கை ஃபோலினாவும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் நலம் என்றும், போன வாரப் புயல் உங்கள் கூரையைத் தொடவில்லை என்றும் நம்புகிறேன். எங்கள் கூரையில் பதினோரு ஓடு பறந்தது. ஒன்பதைப் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியிலிருந்து பொறுக்கிவிட்டோம். மற்ற இரண்டும் கடல் பக்கம் போயிருக்கலாம்.

நிற்க. தாங்கள் அனுப்பிய அச்சுப் பிரதி கிடைத்தது. எங்கள் பட்டறையின் எழுபத்தைந்து வருஷக் கதையை நாற்பது வரியில் அடக்கியிருக்கிறீர்கள்; என்னால் நாற்பது வரியில் காலைச் சாப்பாட்டைக்கூடச் சொல்ல முடியாது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் தலைப்பு இருக்கிறதே, 'ரேம்ட்ஸும் மகன்களும்: தந்தையின் செவிச்செல்வம் மைந்தர் வசம்' என்று, அதில் 'ரேம்ட்ஸும்' என்பது மட்டும்தான் சரி. ஒரு சிறு திருத்தம் எழுதலாமென்று உட்கார்ந்தேன். திருத்தம் கொஞ்சம் நீளும் போலிருக்கிறது, மன்னிக்கவும்.

முதலில் அப்பா. அவர் ஆர்கன்காரரே இல்லை ஐயா, காற்றாலைத் தச்சர். 1899இல் எங்கள் ஊர் சர்ச் ஆர்கன் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நகரத்து ஆர்கன்காரர் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவேன் என்று எழுதிவிட்டார். ஈஸ்டரோ எட்டே நாளில். பாஸ்டர் நேராக ஆலைக்கு வந்து, "ஃபோல்கர்ட், நீ காத்து சமாச்சாரம் தெரிஞ்சவன்தானே, வந்து பாரு" என்றாராம். "ஐயா, என் காத்து மாவு அரைக்கிற காத்து, சாமி கும்பிடற காத்து இல்லையே" என்று அப்பா சொல்லிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை. போய், ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்தியைத் திறந்தால், உள்ளே எலிக் குடும்பம் ஒன்று ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பாதியைக் கிழித்து மெத்தை போட்டுப் படுத்திருக்கிறது. எலியை விரட்டி, ஓட்டைக்கு ஆட்டுத் தோல் ஒட்டினார், ஆர்கன் பாடியது. அவ்வளவுதான், மனுஷன் கெட்டுப்போனார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நானே ஒண்ணு செய்யப் போறேன்" என்றார். அம்மா நாற்காலி என்று நினைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஆர்கன் முடிய மூன்று வருஷம். நானூற்றுப் பன்னிரண்டு குழாய். ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது, தகடாக இழைத்தது, உருட்டிப் பற்றவைத்தது எல்லாம் அவர் கைதான். வைக்கோலில் சுற்றி வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டு போனார். வாய்க்கால் திருப்பத்தில் வண்டி குடை சாய்ந்தது. ஒரு குழாயும் உடையவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் எந்தக் குழாயிலும் மனுஷன் எண் போட்டிருக்கவில்லை! கேட்டதற்கு, "என் பிள்ளைங்கள எனக்கு அடையாளம் தெரியாதா?" என்றாராம். (நாங்கள் உண்மையில் பிறந்த பிறகும் என்னை ஹாபோ என்றுதான் பாதி நாள் கூப்பிட்டார், அது வேறு விஷயம்.) சர்ச் புல்வெளியில் நானூற்றுப் பன்னிரண்டையும் பரப்பி வைத்து, ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து உயரம், தாழ்வு என்று பிரித்திருக்கிறார்கள். மூன்று நாள் அந்த ஊரில் சமையல் இல்லை. மூன்றாம் நாள் மாடுகள் எல்லாம் வேலி தாண்டிப் போய்விட்டன.

அப்புறம் பேர் பரவி வேலை வந்தது. வேலை பெரிதானதும் குழாயும் பெரிதாயிற்று. ஐந்து மீட்டர் குழாயை நிமிர்த்தி நிறுத்தப் பட்டறையில் உயரம் போதவில்லை. அப்பா யோசிக்கவே இல்லை, கூரைப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டார். மேலே அம்மாவின் படுக்கையறை. காலையில் கண் விழித்தால் கட்டில் பக்கத்தில் ஈயத் தலை ஒன்று முளைத்திருக்கிறது. அம்மா அதன் மேல் ஈரத் துணி காயப்போட்டாள். 1915இல் ஃபோலினா பிறந்தது அந்த அறையில்தான். மேலே பிரசவ வலி, கீழே அப்பா பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் துருத்தியை மிதித்துவிட்டார். பிள்ளை பூமிக்கு வந்து கேட்ட முதல் சத்தம் தாயின் குரல் இல்லை, ஐந்து மீட்டர் குழாயின் அடித்தொனி. மருத்துவச்சி வெந்நீர்ச் சட்டியைக் கீழே போட்டுவிட்டாளாம். பிள்ளை அழவில்லை. தலையைத் திருப்பிக் கேட்டதாக அம்மா சொல்வாள்.

இப்போது மகன்கள். அண்ணன் ஹாபோ செதுக்கிய மரத்தைப் பார்த்தால் நீங்கள் கைகூப்புவீர்கள். ஆனால் ஏணியில் மூன்றாவது படி ஏறினால் தலை சுற்றும். அதனால் எழுபது வயது வரை எல்லா சர்ச்சிலும் தரையில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவதுதான் அவர் வேலை. நான் ஏணி ஏறுவேன், ஈயம் காய்ச்சுவேன், பாஸ்டர்களோடு நன்றாகப் பேசுவேன். ஆனால் ஐயா, இதை நான் யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை, எனக்குச் சுருதி கேட்காது. மாடு கத்துவதற்கும் ஆர்கனுக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நீங்கள் எழுதிய 'செவிச்செல்வம்' என்ற சொல்லைப் படித்ததும் ஹாபோ தேநீரைச் சட்டையில் துப்பிவிட்டார்.

1934இல் அப்பாவுக்குக் காது மந்தமாயிற்று. ஆர்கன்காரருக்குக் காது போனால் பட்டறையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். குழாய்க்குக் குரல் கொடுக்கிற வேலை கத்தியால் செய்கிற வேலைதான், உதட்டைக் கொஞ்சம் செதுக்கி, வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு. ஆனால் கத்தியைப் பிடிக்கிறது காது. அப்போது ஃபோலினாவுக்குப் பத்தொன்பது. ஒரு நாள் தேநீர் வேளையில் சும்மா சொன்னாள்: "அப்பா, நீங்க காலைல செஞ்ச குழாய் அழுவுது." அவர் அவளையே பார்த்தார். கத்தியை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. ஆனால் அந்தக் காலத்துச் சபை மூப்பர்கள் ஒரு பெண் செய்த சுருதியை ஒத்துக்கொள்வார்களா? எனவே ஏற்பாடு என்னவென்றால், அப்பா எல்லாரும் பார்க்க முன்னால் நிற்பார், ஃபோலினா ஆர்கனுக்குள்ளே மரக்கதவுக்குப் பின்னால் இருப்பாள். ஒரு இருமல் என்றால் சுருதியை ஏற்று, இரண்டு இருமல் என்றால் இறக்கு, இருமலே இல்லையென்றால் கையை எடு. இருமல் கேட்கிற அளவுக்கு அப்பாவுக்குக் காது மிச்சம் இருந்தது. ஆர்கனுக்குள் எப்போதும் தூசிதானே, யாரும் சந்தேகப்படவில்லை. 'ரேம்ட்ஸ் காது' என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா 1951இல் போனதும் அந்தக் காது எனக்கு வந்தது. இருபத்து மூன்று வருஷம் ஐயா! கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, குழாயின் தலையை விரிக்கவும் குறுக்கவும் உதவுகிற பித்தளைக் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். தேவனே, எவ்வளவு அழகாகக் கேட்கிறார் என்று ஒரு பாஸ்டரின் மனைவி கண் கலங்கினாள்.

போன மாதம் உட்டர்ஹோர்ன் சர்ச்சில் புது ஆர்கனை ஒப்படைக்கிற நாள். சோதிக்க நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார், ஒல்லி மனிதர், சிரிப்பதில்லை. ஒரு கட்டையை அழுத்திவிட்டு, "திரு ரேம்ட்ஸ், இந்தக் குழாய் ஒரு மயிரிழை இறங்கியிருக்கு. நான் பார்க்கச் சரி பண்ணுங்க" என்றார். எனக்கென்ன பயம், உள்ளேதான் ஆள் இருக்கிறாளே. கண்ணை மூடினேன், தலையைச் சாய்த்தேன். ஐயா, அன்றைக்கு ஃபோலினாவுக்கு ஜலதோஷம். காலையிலிருந்தே தொண்டை கமறிக்கொண்டிருந்தது, எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு இருமல் வந்தது, கூம்பால் தட்டிக் குழாயின் தலையை விரித்தேன். உடனே இரண்டு இருமல், கூம்பைத் திருப்பிக் குறுக்கினேன். அப்புறம் மூணு. மூணுக்கு என்ன அர்த்தம்னு எங்ககிட்ட ஏற்பாடே இல்லியே! ஒண்ணும் ரெண்டும்னு பிரிச்சு எடுத்துக்கிட்டேன். அப்புறம் அஞ்சு, ஆறு, எண்ணவே முடியல, நானும் விரிக்கிறேன், குறுக்கறேன், விரிக்கிறேன், அந்தக் குழாய் மிதிபட்ட தகர டப்பா மாதிரி ஆயிடுச்சு. பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். கீழேயிருந்து ஹாபோ, "டேய் ஒன்னோ, நிறுத்துடா, நிறுத்து!" என்று கத்துகிறார். அப்போது மரக்கதவு திறந்தது. தலையெல்லாம் ஒட்டடை, மூக்குச் சிவந்து, கையில் கைக்குட்டையோடு என் தங்கை வெளியே வந்தாள், சபை முழுக்கப் பார்க்க.

"போதும்ணா. அதைக் கொன்னுட்ட. இங்க குடு" என்றாள்.

கூம்பை வாங்கினாள். விரலால் குழாயைத் தடவி நிமிர்த்தினாள், இரண்டு தட்டு தட்டினாள், ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்து, "வாசிங்க" என்றாள், மூக்கைச் சிந்தினாள். அரை நிமிஷம். பேராசிரியர் கையை இறக்கி, "இந்த அம்மா யாரு?" என்று என்னைக் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது: "அவதாங்க பட்டறை! நாங்க ரெண்டு பேரும் தச்சனுங்க!" பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார்.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்கம்மா?"

"முப்பத்தி நாலாம் வருஷத்திலேர்ந்து."

அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். பிறகு இருவரும் நாலு மணி நேரம் குழாய் குழாயாகக் கேட்டார்கள். அவருக்குப் படாத மூன்று குறையை அவள் கண்டுபிடித்தாள். அவளுக்குப் படாத குறை ஒன்றையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒப்புதல் தாளில் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். சபை மூப்பர் மட்டும் என்னை முறைத்து, "இத்தன வருஷமா உன் தேநீர்லயா நான் பெரிய கற்கண்டாப் பாத்துப் போட்டேன்?" என்றார். எனக்கோ ஐயா, வெட்கமாகவும் இருந்தது, முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. திரும்பி வரும் வழியில், "கோவமாடி?" என்று கேட்டேன். "வெளில நின்னா பாஸ்டருங்ககிட்ட வானிலை பேசணும். உள்ள அந்தத் தொல்லை இல்ல" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் உங்கள் அச்சுப் பிரதி வந்தது. சாப்பாட்டு மேசையில் அவள்தான் உறையைப் பிரித்தாள். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். நாலாக மடித்தாள். எழுந்து போய், தான் வேலை செய்கிற மேசையின் ஆடுகிற காலுக்கடியில் வைத்தாள். "அளவு சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். (உங்களுக்குத் திருத்தம் எழுத அதை நான் இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று; இத்துடன் வைத்திருக்கிறேன், கறைக்கு மன்னிக்கவும்.) ஐயா, நானும் அண்ணனும் அன்று கேல் கீரையும் தொத்திறைச்சியும் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டோம். எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து தலைப்பை மாற்றி, 'ஃபோலினா ரேம்ட்ஸ்: மிட்டல்வார்ஃப் ஆர்கனின் காது' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். எங்கள் இருவர் பெயரும் இடமிருந்தால் அடியில் வரட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவளிடம் சொல்லவில்லை. மலர் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். பெயரில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று அச்சுக் கோப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டுத் தேநீர்க் கெண்டி என்றும் சூடாகவும், தங்கள் கூரை ஓடு என்றும் தங்கள் கூரையிலேயே இருக்கவும் ஆண்டவர் அருள் புரிவாராக. துணைவியாருக்கு எங்கள் மூவரின் வணக்கம்.

இப்படிக்கு,
சுருதி தெரியாத, ஆனால் உண்மை எழுதத் தெரிந்த,
ஒன்னோ ரேம்ட்ஸ்

பின்குறிப்பு: ஐயா, அச்சுக் கோப்பதை உடனே நிறுத்துங்கள். தபால்தலை தேடப் போன நேரத்தில் ஃபோலினா மேசையிலிருந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பாதி சிரிப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. "நல்லா எழுதியிருக்கண்ணா. ஆனா அந்தப் பேரைப் போடச் சொல்லாத" என்றாள். கூச்சமா என்று கேட்டேன். "கூச்சமெல்லாம் இல்ல. இருபத்தாறாம் தேதிக்கப்புறம் அது என் பேரு இல்ல, அதான்" என்றாள். ஹாபோ உட்காரப் போனவர் நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை யாரென்றால், மென்னோ வியார்டா, கடலணைக் கண்காணிப்பாளர், மனைவியை இழந்தவர், அறுபத்திரண்டு வயது. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வந்து எங்கள் பட்டறையில் மூன்று கிண்ணம் தேநீர் குடிப்பவர். பதினோரு வருஷமாக அவர் என்னோடு பேசத்தான் வருகிறார் என்று நினைத்து நானே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்! பட்டறையை விட்டுப் போகமாட்டாளாம், அவர்தான் இங்கே வருகிறாராம். தலைப்பில் 'ஃபோலினா' என்று மட்டும் போட்டால் போதும் என்கிறாள். கல்யாணம் எங்கள் ஊர் சர்ச்சில், காலை பத்து மணிக்கு, தாங்கள் துணைவியாருடன் அவசியம் வர வேண்டும். ஒரே ஒரு சிக்கல்: இந்த மாதத்து ஈரக் காற்றில் குழாய்கள் சுருதி விலகிவிடும், வேறு யாரையும் நம்ப முடியாது, ஆகையால் ஒன்பதே முக்கால் வரை ஆர்கனுக்குள்தான் இருப்பேன் என்று மணப்பெண் சொல்லிவிட்டாள். நான் தயங்கித் தயங்கி மென்னோவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதனாலென்ன மச்சான், நான் எந்தக் கதவுகிட்ட நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. சர்ச் கதவா, ஆர்கன் கதவா?" என்றார்.