மாப்பிள்ளையின் லெதர் சீட்டுக்கு மாமனார் பார்த்த வைத்தியம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அனைவரும் என்பதில் யார் யார் அடக்கம், நலம் என்பது எதுவரை என்பது இந்த நிமிடம் எனக்கே தெரியாததால் அந்த வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். கடலும் காற்றும் நீங்கள் பார்த்துக்கொள்கிற கப்பல் இன்ஜினும் உங்களுக்கு அனுசரணையாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி மாடியில், பிரசவ அறைக்கு எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நர்ஸம்மா கொடுத்த அட்டையில் தாளை வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஏன் உட்காரவில்லை, ஏன் சுவரை விட்டு நகரவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

பாப்பா உள்ளே இருக்கிறாள். குறித்த தேதிக்கு முன்னதாகவே இன்று மதியம் வலி கண்டுவிட்டது. உங்கள் அத்தை அவள் கூடவே உள்ளே இருக்கிறாள். டாக்டரம்மா, "நேரமாகும், பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கப்பலுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பாப்பா விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்திருப்பேன், மற்றதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் நீங்கள் கோபப்படுகிற ஆள் இல்லை. "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பீர்கள். அந்தச் சும்மா எனக்கு ஒத்துக்கொள்ளாது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் நடுவில் மௌனமாக இருக்க முடியாது. கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்த்துவிடுவார்களாம்.

மற்றது என்று நான் சொன்னது உங்கள் காரின் டிரைவர் சீட்டைப் பற்றி.

நீங்கள் கிளம்பிப் போன சில நாளில் நான் வண்டியைத் துடைக்கும்போது அதைக் கவனித்தேன். கதவுப் பக்கம் சீட்டின் ஓரம் புடைத்திருக்கிறதல்லவா, இறங்கும்போது தொடை உரசுகிற இடம், அங்கே பித்த வெடிப்பு மாதிரி ஒரு கோடு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "மாமா, லெதர் சீட்டு, பாத்துக்குங்க" என்று நீங்கள் சொன்னது அப்படியே காதில் கேட்டது. நேராக வண்டி வாங்கிய ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் சீட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அதிலும் குறிப்பாக என் இடுப்புக்குக் கீழே பார்த்தான். "வாரண்டி எல்லாம் இன்ஜினுக்குத்தான் சார். இது யூசேஜ்ல வந்தது" என்றான். "யூசேஜ்னா என்னப்பா?" "ஏறி எறங்கறது சார்." "ஏறி எறங்காம கார வச்சுக்கிட்டு வேற என்ன பண்றது?" என்று கேட்டேன். "ஏறலாம் சார். எப்படி ஏர்றோம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவனே செய்து காட்டினான். முதலில் வெளியே பார்த்தபடி சீட்டில் பட்டும் படாமல் அமர வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும், சறுக்கவே கூடாது. இறங்கும்போதும் அப்படியேதான். அன்றிலிருந்து நானும் உங்கள் அத்தையும் அப்படித்தான் ஏறி இறங்கினோம். எதிர் வீட்டு வாத்தியார், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூட்டுவலி வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். பாப்பா மட்டும், "என்னால முடியாதுப்பா, வேணும்னா கிரேன் வையுங்க" என்று பின் சீட்டில் சாதாரணமாக ஏறிக்கொண்டாள்.

ஆனால் வெடிப்பு வளர்ந்தது. கோடாக இருந்தது கிளை விட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்குக் காரணம் என் தொழில் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க மருந்துக்கடையில் நின்றவன் நான். லெதர் என்றால் தோல். தோல் என்றால் எனக்குத் தெரியாதா? வறட்சி, வெடிப்பு, செதில், எத்தனை பேர் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். வறண்ட தோலுக்குப் போடுகிற களிம்பை எடுத்து, காலை ஒரு வேளை மாலை ஒரு வேளை, சுண்டுவிரலால் வட்டமாகத் தேய்த்தேன். உங்கள் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, அது செத்துப்போன மாட்டோட தோலுங்க. அதுக்கு எங்கேருந்துங்க குணமாகும்?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. களிம்பு ஊறி ஊறி சீட்டு வழவழவென்று ஆகிவிட்டது. பிரேக் போட்டால் நான் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் நின்றேன். சரி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுவோம் என்று ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பிசுக்குப் போய்விட்டது மாப்பிள்ளை. கூடவே நிறமும் போய்விட்டது. பஞ்சு பூராவும் பழுப்பு. சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. அடுத்த நாள் வெயிலில் அந்தத் திட்டின் மேல் படலம் அப்பளமாகச் சுருண்டுகொண்டது. நான் சாப்பிடவில்லை. பாப்பா, "அப்பா, கொஞ்ச நாள் அத அப்படியே வுட்டுடுங்களேன்" என்றாள். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. இன்று மதியம் செருப்பு ஒட்டுகிற பசை ஒரு டப்பா வாங்கிவந்து, சுருண்ட படலத்துக்கு அடியிலும், இருக்கட்டும் என்று மேலேயும், ஒரு ஜாக்கிரதைக்காக அக்கம் பக்கத்திலும் தடவினேன். ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உங்கள் அத்தையின் குரல், "ஏங்க, வண்டிய எடுங்க. பாப்பாவுக்கு வந்துருச்சு."

டாக்சிக்குப் போன் போட்டேன், வருகிறேன் வருகிறேன் என்றார்களே தவிர வரவில்லை. பாப்பா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று அன்றைய பேப்பரைச் சீட்டில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்தேன். சறுக்காமல் எல்லாம் உட்காரவில்லை, விழுந்தேன் என்றே சொல்லலாம். பேப்பர் இரண்டு வளைவில் கிழிந்து ஒதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நானும் சீட்டும் நேரடியாகத்தான் இருந்தோம். வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்து வண்டியை விட்டு மறு பக்கத்தை நிறுத்துகிறார். எங்கள் பக்கம்தான் நிறுத்தியிருந்தது. நான் கண்ணாடியில் பாப்பாவைப் பார்ப்பதும், கீழே ஓரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். "அப்பா, சீட்டப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்புறம் பேசவில்லை. உங்கள் அத்தை, "பாப்பா, பேசும்மா, ஏதாச்சும் பேசு" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பாப்பா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கொடி பிடித்த ஆளைப் பார்த்துக் கும்பிட்டேன். ஜன்னலை இறக்கிக் கத்தத் தோன்றவில்லை, கும்பிடத்தான் தோன்றியது. அவர் பின் சீட்டைப் பார்த்தார், எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி எங்களை விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது, பாப்பாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள், உங்கள் அத்தை பின்னாலேயே ஓடினாள். நான் கதவைத் திறந்தேன், காலைத் தூக்கினேன். கால் வந்தது. மற்றது வரவில்லை. பசை காய ஒரு நாள் ஆகும் என்று எழுதியவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... அது இருக்கட்டும். உள்ளே டாக்டரம்மா, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "கப்பல்ல இருக்காருங்க." "அப்பா?" "அவரு கார்ல ஒட்டிக்கிட்டு இருக்காருங்க" என்று உங்கள் அத்தை சொன்னாளாம். ஒரு நர்ஸம்மாவும் வாசல் காவல்காரரும் வந்தார்கள். காவல்காரர் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். நர்ஸம்மா, "இழுக்காதீங்க, தோலோட வந்துரும்" என்றார். எந்தத் தோலைச் சொன்னார் என்று தெரியவில்லை. கடைசியில் கட்டுத்துணி வெட்டுகிற கத்திரியால் பேண்ட்டைச் சுற்றி வெட்டித்தான் என்னை எடுத்தார்கள். பேண்ட்டின் பின்புறம் சீட்டோடு போய்விட்டது. சீட்டின் மேல்படலத்தில் பாதி என்னோடு வந்துவிட்டது. இப்போது நான் உடுத்தியிருப்பது நோயாளிகள் உடுத்துகிற அந்தப் பச்சை அங்கி, முதுகுப் பக்கம் நாடா வைத்தது. நாடா ஒன்று அறுந்துவிட்டது. சுவரை விட்டு நான் நகராததற்குக் காரணம் இதுதான்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்தார். "குழந்தையோட துடிப்பு எறங்குதுங்க. இனிமே காத்துக்கிட்டிருக்க முடியாது, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்றார். கையெழுத்துக் கேட்டார், போட்டேன். கொஞ்சம் முன்னால் அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நான் சுவரை விட்டு வந்து, அங்கியைப் பற்றி நினைக்காமல், கதவு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அத்தையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக.

மாப்பிள்ளை, ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் சீட்டைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேனே, எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அது அணைந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். எப்படி முடிந்தது என்று விளக்கு சொல்லாது. சீட்டுக்கு வேறு தோல் போட்டுக்கொள்ளலாம். பாழாக்கியது நான்தான், என்னை மன்னித்துவிடுங்கள். களிம்புக்கு மன்னியுங்கள், ஸ்பிரிட்டுக்கு மன்னியுங்கள், பசைக்கும் மன்னியுங்கள். நீங்கள் இங்கே நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன், அதற்கு மட்டும் எனக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. உங்கள் சும்மாவைக்கூட நான் இப்போது கேட்கத் தயார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடவும். கூட வேலை பார்ப்பவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

நின்றபடி ஆசி கூறும்,
மாமனார்

பின்குறிப்பு: விளக்கு அணைந்துவிட்டது. பெண் குழந்தை. அழ மாட்டேன் என்று கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு, பிறகு நிறுத்த மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளாம். தாயும் சேயும் நலம், ஆக அனைவரும் நலம். பாப்பாவைப் பார்க்க விட்டார்கள். நான் அழுததைப் பார்த்துவிட்டு அவள், சீட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னாள். "விடுங்கப்பா, அந்த வெடிப்பு உங்க மாப்பிள்ளை இங்க இருக்கும்போதே வந்துருச்சு. துணி சீட்டே போதும்னு வாங்கும்போதே நீங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்களாம், இப்பத் தெரிஞ்சா உங்க மூஞ்சில முழிக்க முடியாதாம், உங்ககிட்ட சொல்லிடாதேன்னு கால்ல விழாத குறையா எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு" என்றாள். "நான் களிம்பு போட்டப்போ நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "ரிட்டயர் ஆனதுலேருந்து நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லப்பா" என்றாள். எனவே மேலே நான் எங்கெங்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேனோ, அங்கெல்லாம் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். சும்மா இருக்கக் கூடாது.