தண்ணீரை உள்ளே ஊற்றிச் சோதித்த படகு

கப்பலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் நலமாகவே இருக்க வேண்டிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். என் வலது கை விரல் முட்டிகள் மட்டும் வீங்கியிருக்கின்றன. காரணம் கீழே வருகிறது. உங்கள் நலத்தையும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் கப்பல் இன்ஜினின் நலத்தையும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு படகு வாங்கப்போகிறேன். சிரிக்காதீர்கள். நான்கு பேர் உட்காரும் சின்னப் படகுதான், ஆனால் வேகமாகப் பாயும் ரகம். தண்ணீர்த் தொட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரம் பார்த்தவன் நான். விரலால் தட்டிப் பார்க்காமல் ஒரு தொட்டியையும் வாசல் தாண்ட விட்டதில்லை என்பதால் அங்கே எனக்கு மரங்கொத்தி என்று பெயர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அந்த முப்பத்தொரு வருடத்தில் உங்கள் அக்காவும் நானும் அருகருகே உட்கார்ந்த இடங்கள் என்று பார்த்தால் பல் டாக்டர், பாங்க், மறுபடியும் பல் டாக்டர். நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரியை ஒரு சுற்றாவது சுற்றிவர வேண்டும். இதை அவளிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "ஏறுறதப் பத்தி யோசிக்கணும். என் தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள். பாவம், தண்ணீர் என்றால் பயம்போல. அவள் ஏறாவிட்டால் எனக்குப் படகே வேண்டாம். ஆகவே எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் பார்த்தது ஒரு சிவப்புப் படகு. கண்ணாடிக் கடை, உள்ளே ஏசி, டை கட்டிய விற்பனையாளர். என்னை சார் என்றார், உங்கள் அக்காவை மேடம் என்றார், படகை பேபி என்றார். நூற்றைம்பது குதிரைசக்தி இன்ஜின், நான்கு ஸ்பீக்கர், தம்ளர் வைக்க எட்டுக் குழி. "நாலு பேருக்கு எதுக்குய்யா எட்டு?" என்றேன். "ஆளுக்கு ரெண்டு சார்" என்றார். "ரெண்டு கையிலயும் தம்ளர் இருந்தா படக எதால பிடிச்சுக்கிறது?" என்றேன். அவர் சிரித்தார், நான் தட்ட ஆரம்பித்தேன். முன்பக்கம் டண் என்றது. நடுப்பக்கம் டொக் என்றது. பின்பக்கம் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தது. சீட்டைத் தூக்கினால், மேலே பட்டுப்போலத் தையல், கீழே நான்கு திருகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இரண்டு. கூடத்தை மட்டும் பெருக்கிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தி வைத்த வீடு மாதிரி. பக்கக் கைப்பிடியை லேசாகத்தான் இழுத்தேன், அது என்னோடு வந்துவிட்டது. பதற்றத்தில் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, விலை குறைவுதான், யோசித்துச் சொல்கிறேன் என்று நடையைக் கட்டினேன். மறுநாள் துணி துவைக்கும்போது உங்கள் அக்கா அதை எடுத்து, "இது எந்தக் கதவோடது?" என்றாள். கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டேன். அனுப்புநர் பெயர் எழுதவில்லை.

அடுத்தது ஒரு பட்டறையில் கட்டிய வெள்ளைப் படகு. பட்டறைக்காரர் பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லும் ஆள். "ஃபைபர் எத்தன அடுக்கு?" என்றால் "போதுமான அளவு" என்கிறார். ஆனால் தட்டிய இடமெல்லாம் டண் டண் என்று ஒரே குரல். ஒவ்வொரு திருகும் துருப்பிடிக்காத ஸ்டீல், இன்ஜின் அறையில் ஒயர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையாக இருந்தன. இன்ஜின் தொண்ணூறு குதிரைதான், விலையோ சிவப்பைவிட ஒன்றரை மடங்கு. இவ்வளவு கொடுத்தால் தகுமா என்று எப்படி முடிவு செய்வது? அவர் டீ குடிக்கப் போன நேரம், பட்டறை கழுவும் மோட்டார் குழாய் கண்ணில் பட்டது. தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், விளிம்புவரை நிரப்பு, சுற்றி வந்து பார். டிரெய்லர்மேல் நின்ற படகை நிரப்பிவிட்டேன். சீட் மெத்தைகள் மிதந்தன, ஆனால் வெளியே ஒரு சொட்டு இல்லை. அவர் திரும்பி வந்து, "ஐயா! என்ன செய்றீங்க?" என்று அலறினார். "ஒழுகுதான்னு பாக்குறேன். பிரமாதம், ஒரு சொட்டுகூட வெளிய வரல!" என்றேன். "படகுல தண்ணி உள்ளதான் வரக்கூடாது!" என்றார். "ஓட்டை இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் அது ஓட்டைதானே?" என்றேன். தண்ணீர்ப் பாரம் தாங்காமல் டிரெய்லர் டயர்தான் டமார் என்று பதில் சொன்னது. அவர் ஓடிப்போய்ப் பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பைப் பிடுங்கினார். நான் நேர் பின்னால் நின்றிருந்தேன். நான், என் செருப்பு, அவருடைய நாற்காலி மூவரும் வாசல் கேட்டுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். கேட்டருகே நின்ற உங்கள் அக்கா, "பாத்தது போதும், கிளம்புங்க" என்றாள். புது டயர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்குள் பட்டறைக்காரர் படகின் அடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். ஒரு கீறல் இல்லை. "இப்படி ஒரு சோதனைய நானே செஞ்சதில்லைங்க" என்றார்.

ஆகவே மைத்துனரே, வெள்ளைப் படகுதான் என்று முடிவு செய்துவிட்டேன். சிவப்பில் வேகத்துக்கும் பளபளப்புக்கும் விலை, வெள்ளையில் உள்ளே மறைந்திருக்கும் வேலைக்கு விலை. இன்ஜின் தெரிந்த நீங்கள், "இதில் ஆபத்தில்லை, தைரியமாக உட்காரலாம்" என்று நாலே வரி உங்கள் அக்கா பெயருக்கு எழுதி அனுப்பிவிட்டால் அவள் பயம் தெளிந்துவிடும். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அந்த டயர்தான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் ஏறும் கப்பலெல்லாம் சொன்ன தேதியில் கரை சேரட்டும். தங்கைக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உலர்ந்துகொண்டிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பட்டறைக்காரர் போன் செய்தார், படகை ஏரியில் இறக்கியிருக்கிறேன், வந்து ஓட்டிப் பாருங்கள் என்று. போனோம். நான் லைஃப் ஜாக்கெட்டின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "படகுக்கு நான் எப்பங்க பயந்தேன்? நீங்க ஓட்டுவீங்களேன்னுதான் பயந்தேன். என் தம்பி சொன்னாத்தான் ஸ்டீயரிங்க விடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அதன் பிறகு சொன்னது காற்றில் கேட்கவில்லை. மூன்று சுற்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு. நடுவில் ஒருமுறை திறந்து பார்த்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை. மறுபடியும் மூடிக்கொண்டேன். கரையேறியதும், "தொண்ணூறு குதிரை பத்தலைங்க. அந்தச் சிவப்பையே வாங்கிடலாம், குறையுற திருகெல்லாம் நீங்க போட்டுடுங்க" என்றாள். வாங்குகிறோம். ஆகவே, ஆபத்தில்லை, தைரியமாக உட்காரலாம் என்ற அந்த நாலு வரியை அவள் பெயருக்கு அனுப்ப வேண்டாம். என் பெயருக்கு அனுப்பவும். அவசரம்.