நீலம் பூத்த வெள்ளி

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த காசை முந்தானையில் துடைத்து, ஞானபாய் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். அது கண்ணைப் பறித்தது. குமாரதாஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய மனுசன் பாக்க வாறாருன்னு சொன்னியளே. கறுத்துப்போய்க் கெடந்துது, நல்லா தேச்சு வச்சேன்" என்றாள்.

குமாரதாஸ் கோட்டாற்றில் டிராயிங் வாத்தியார். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் வெள்ளிவிழாவுக்காக 1935-ல் இங்கிலாந்தில் அடித்த பெரிய வெள்ளிக்காசு அது. கொழும்பிலிருந்து திரும்பிய சிநேகிதரிடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கியிருந்தார். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், குதிரையின் காலடியில் வலுசர்ப்பம். உளியால் வெட்டியது மாதிரி விறைத்து நிற்கும் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டே பலநாள் சோற்றை ஆறவிட்டிருக்கிறார். அதையும் மிஞ்சியது நிறம். பதினேழு வருஷம் காகிதத்துக்குள் கிடந்ததில், விளிம்பில் ஊதாவும் உள்ளே மயில்கழுத்து நீலமும் தானாகப் பூத்திருந்தன.

ஊரார் கண்ணுக்கு அது அழுக்கு. பாளையங்கோட்டை முத்துநாயகம் ஒருவர்தான் அதன் அருமை தெரிந்தவர். வாழ்நாளெல்லாம் காசு சேர்த்தவர். நீலத்தைப் பற்றி குமாரதாஸ் எட்டுப் பக்கம் எழுதினால் பத்துப் பக்கம் பதில் போடுவார். இரண்டு வருஷக் கடிதப் பழக்கத்துக்குப் பிறகு, இன்று நான்கு மணிக்கு முதல்முறையாக நேரில் வருகிறார்.

அவித்த முட்டையின் மஞ்சள்கரு வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்று குமாரதாஸ் எங்கோ படித்திருந்தார். இரண்டு வாத்து முட்டையை அவித்து உதிர்த்து, காசோடு தகர டப்பாவில் அடைத்தார். அரைமணி நேரத்தில், நீலத்துக்கு முந்தின படியான வைக்கோல் நிறம் வந்தது. உற்சாகத்தில் இன்னும் நான்கு முட்டையைப் போட்டு, டப்பாவை அடுப்போரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து திறந்தால் காசு தோசைக்கல்லின் அடியாகியிருந்தது.

ஞானபாய்க்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சமாகத் தேய்த்தால் நீலத்தில் நின்றுவிடும் என்று சொல்லி, பல்பொடியை எடுத்து வந்தாள். நீலம் வரவில்லை. தாடிக்கார ராஜாவின் ஒரு கன்னம் மட்டும் வெளுத்து, பாதிச் சவரத்தில் எழுந்து வந்தவர் போல் ஆனார்.

கடைசியில் குமாரதாஸ் தன் தொழிலையே நம்பினார். நீல வர்ணத்தில் பிசின் குழைத்து, மெல்லிய தூரிகையால் காசின்மேல் பூசினார். தூரத்திலிருந்து பார்த்தால் மோசமில்லை. கிட்டத்தில் திருவிழாக் கடைப் பொம்மை. அது காயுமுன் வாசலில் கார் வந்து நின்றது.

முத்துநாயகம் மகள் குளோரியின் கையைப் பிடித்தபடி படியேறினார். எழுபது வயதுக்காரர், மூக்கை உறிஞ்சிவிட்டு, "முட்டைக் குழம்பா?" என்று பிரியமாகக் கேட்டார். அடுக்களையில் ஞானபாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமாரதாஸ் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார். காசு சேர்ப்பவன் எவனும் விளிம்பைத்தான் பிடிப்பான். முத்துநாயகமோ குதிரையின் கழுத்திலிருந்து சர்ப்பத்தின் வால் வரை கட்டைவிரலால் தடவினார். ஈர வர்ணம் விரலில் ஏறியது. அதே விரலால் மூக்கைச் சொறிந்தார். மூக்கு நுனியும் நீலமானது. அவர் காசைப் பார்க்கவேயில்லை. எதிர்ச்சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட ஒருவரை எப்படி அவமானப்படுத்துவது என்று குமாரதாஸுக்குத் தெரியவில்லை.

"குதிரை நான் நெனச்சபடியே இருக்கு. நிறத்தைச் சொல்லுங்க சார், அதுக்குத்தான் வந்தேன்" என்றார் பெரியவர்.

கோர்ட்டுக் கூண்டில் நிற்பது போலிருந்தது. காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி, காசை வாங்கிக்கொண்டு குமாரதாஸ் அடுக்களைக்குள் புகுந்தார். கூடமாட உதவ குளோரியும் பின்னால் வந்தாள். அவளிடம் புளி, முட்டை, பல்பொடி, வர்ணம் அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பாவைப் பக்குவமாக அழைத்துப் போகும்படியும், மன்னிப்பைக் கடிதத்தில் கேட்டுக்கொள்வதாகவும் சொல்லிக் கைகூப்பினார்.

குளோரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சார், அப்பாவுக்குக் கண்ணு போயி நாலு வருசமாச்சு. கடுதாசியெல்லாம் நான்தான் வாசிச்சுக் காட்டி, அவரு சொல்லச்சொல்ல எழுதுவேன். நிறம் நீங்க என்ன சொல்லுதியளோ, அதுதான்."