மேலுதட்டுக் கண்காணிப்புக் குழு

ஒரு நாட்டின் மானம் அதன் எல்லையில் இல்லை, கஜானாவிலும் இல்லை. எட்டு மணிச் செய்தி வாசிக்கும் பெண்ணின் மேலுதட்டில் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது எங்கள் தொலைக்காட்சி நிலையம்தான். அந்த நிலையத்தின் நிர்வாக அதிகாரியாக இருக்கும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. எனக்குத் தற்பெருமை பேசும் வழக்கம் கிடையாது. ஆனால் நான் சொல்லாவிட்டால் இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எல்லாம் புதுக் கேமரா வந்ததில் ஆரம்பித்தது. எறும்பு கண் சிமிட்டினாலும் இதில் தெரியும் என்று விற்றவன் முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் செய்திகளில் எறும்பு வருவது அபூர்வம். ஆனாலும் முதலாளி வாங்கிவிட்டார். சோதனை ஒளிப்பதிவைப் பார்க்கக் கட்டுப்பாட்டு அறையில் கூடினோம். முதலாளி நடுவில் உட்கார்ந்தார். சக்கரம் உடைந்த நாற்காலி வழக்கம்போல் எனக்கு. திரையில் எங்கள் செய்தி வாசிப்பாளர் வந்தார்.

முதலாளி முன்னால் சாய்ந்தார்.

"அது என்னய்யா, உதட்டுக்கு மேல?"

"தூசி சார்" என்றார் கேமராக்காரர். அவரை நாங்கள் 'லென்ஸ்' என்று கூப்பிடுவோம்.

"துடை."

லென்ஸ் துடைத்தார். தூசி போகவில்லை.

"சார், இது கேமராவுல இல்ல. அவங்க முகத்துலதான் இருக்கு. பூனைமுடி."

"நம்ம செய்தியில முடியா?" என்றார் முதலாளி. அதிர்ச்சியில் அவருடைய காது விடைத்தது. காதிலிருந்து எட்டிப் பார்க்கும் முடிக் கற்றைகளும் சேர்ந்து விடைத்தன. சோதனைக்காக முதலாளியையும் படம் பிடித்திருந்ததால் அந்தக் கற்றைகளும் பதிவாகியிருந்தன. விளையாட்டுச் செய்தி வாசிப்பவரின் மூக்குக்குள் இருந்த குட்டிக் காடும் பதிவாகியிருந்தது. அவற்றை 'இயற்கை' என்ற தலைப்பில் சேர்த்து ஒதுக்கிவைத்தோம்.

விஷயத்தை அந்தப் பெண்மணியிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டு மணி நாற்காலிக்காக அவர் பல வருஷம் வானிலை வாசித்துக் காத்திருந்தவர். வாயில் நுழையாத வெளிநாட்டு மந்திரிகளின் பெயர்களைக்கூடப் நாக்கு இடறாமல் உச்சரிப்பார். ஒரு தடவை நேரலையில், வாசிக்க வேண்டியதை எழுதிக் காட்டும் திரை அணைந்துபோனபோது, பாதிச் செய்தியை ஞாபகத்திலிருந்தே வாசித்தார். பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு அந்த நாற்காலி உயிர். அப்பேர்ப்பட்டவரிடம் எப்படி ஆரம்பிப்பது?

"அம்மா, புதுக் கேமராவுக்குத் தெளிவு ஜாஸ்தி" என்றேன்.

"சரி சார்."

"அதனால உங்க முகத்துல கொஞ்சம் தெளிவைக் கூட்டணும்."

"புரியல சார்."

"கூட்டணும்னா... குறைக்கணும்."

அவர் கையை மேலுதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "முடியா சார்?"

நான் மேற்கூரையைப் பார்த்தேன். நிர்வாகத்தில் அதுதான் 'ஆம்' என்பதற்கு அடையாளம்.

மறுநாள் திரையில் அவர் முகம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. முதலாளி கையே தட்டிவிட்டார். "இதாம்மா முகம்! எப்படி இவ்வளவு சீக்கிரம்? நூல் போட்டு எடுத்தியா?"

"நூல் போட்டா எனக்குத் தோல் சிவந்து வீங்கிடும் சார். ஷேவ் பண்ணிட்டேன்."

"என்ன பண்ணிட்ட?"

"ஷேவ் சார். சின்ன ரேசர்ல. அஞ்சு நிமிஷ வேலை."

தட்டிய கை அந்தரத்தில் நின்றது. பவுடர் அக்காவின் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. எங்கள் ஒப்பனை அறையின் தலைவி அவர். முகத்தில் முடி இருக்கக் கூடாது என்று சொன்னது நாங்கள்தான். ஆனால் அதை எடுத்த விதம் இப்படி இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? முள்ளை எடுக்கச் சொன்னால் காலை வெட்டிக்கொண்டு வந்தது போல் ஆகிவிட்டது எங்களுக்கு.

அன்று மாலையே 'மேலுதட்டுக் கண்காணிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், முதலாளி. செயலாளர், நான். தொழில்நுட்ப உறுப்பினர், லென்ஸ். பெண்கள் பிரதிநிதித்துவம் முக்கியம் என்பதால் பவுடர் அக்கா சேர்க்கப்பட்டார். சம்பந்தப்பட்ட மேலுதடு 'சிறப்பு அழைப்பாளர்'.

பவுடர் அக்கா முதலில் சாட்சி சொன்னார்.

"பிளேடு பட்ட எடம் வெளங்காதுங்க. முள்ளு முள்ளா வரும். எங்க நாத்தனாரோட ஓரகத்திக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, ஒரே ஒரு தடவைதான் பண்ணிச்சாம். அப்புறம் தெனமும் காலையில புருஷனும் பொண்டாட்டியும் கண்ணாடிக்குச் சண்டையாம்."

"நீங்க அந்தப் பொண்ணைப் பாத்தீங்களா?" என்று செய்தி வாசிப்பாளர் கேட்டார்.

"நான் பாக்கல."

"உங்க நாத்தனார்?"

"அவங்களும் பாக்கல. பாத்தவங்களைப் பாத்திருக்காங்க."

"நேரடி சாட்சியம்" என்று முதலாளி தலையசைத்தார். நான் எழுதிக்கொண்டேன்.

லென்ஸ் தொழில்நுட்பக் கோணத்தை முன்வைத்தார். "குரலும் கட்டையாயிடும்னு சொல்றாங்க சார். மைக் எல்லாம் மாத்த வேண்டியிருக்கும்."

"யார் சொல்றாங்க?" என்றார் அந்தப் பெண்மணி.

"பொதுவா சொல்றாங்க."

'பொதுவா சொல்றாங்க' என்பதை மிஞ்சிய ஆதாரம் எந்த நீதிமன்றத்திலும் கிடையாது. ஆனால் அவர் விடவில்லை. தோல் டாக்டரிடம் கேட்டுவிட்டே வந்திருந்தார். "முடியோட வேர் தோலுக்குள்ள இருக்கு சார். பிளேடு அதைத் தொடறதே இல்ல, மேல இருக்கறதைத்தான் வெட்டுது. வெட்டின நுனி மொட்டையா இருக்கறதால தொட்டா சொரசொரன்னு தோணும். அவ்வளவுதான். தடிமனாவும் வராது, கருப்பாவும் வராது. பூனைமுடி பூனைமுடியாத்தான் வரும்."

குழு சிந்தித்தது.

"டாக்டர் ஆணா, பெண்ணா?" என்றார் முதலாளி.

"பெண்தான் சார்."

"அவங்களுக்கு ஷேவிங் பத்தி என்ன தெரியும்?"

"சார், அவங்க தோல் டாக்டர்..."

"அம்மா, அவங்க சொல்றது மருத்துவம். நாம பேசறது அனுபவம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத. மழிச்சா அடர்த்தியா வரும். இது ஊரறிஞ்ச விஷயம்."

அந்தப் பெண்மணி முதலாளியின் தலையைப் பார்த்தார். இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. முதலாளிக்கு நடுத்தலை வெளிச்சம் போட ஆரம்பித்த காலத்தில் யாரோ இதே யோசனையைச் சொல்ல, அவர் மாதாமாதம் மொட்டை போட்டுக்கொண்டார். வருஷக்கணக்கில் போட்டார். முடிக்கு இந்த யோசனை சொல்லப்படவில்லை போலிருக்கிறது. இப்போது அந்தத் தலை, ஸ்டுடியோ விளக்கு எரியும்போது லென்ஸுக்குத் தொந்தரவு தருமளவுக்குப் பளபளக்கிறது.

"மழிச்சா அடர்த்தியா வரும்னா, உங்க தலைக்கு ஏன் சார் வரல?" என்றார் அந்தப் பெண்மணி.

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வியைக் கேட்பதற்கு என்று ஒரு பதவி இருக்கிறது. அவர் அந்தப் பதவியில் இல்லை.  லென்ஸ் இருமினார். கூட்டம் இந்த இடத்தில் தேநீருக்காகக் கலைந்தது. தேநீர் வரவில்லை.

மறுபடி கூடியபோது தீர்ப்பு தயாராக இருந்தது. 'பார்வையாளர்களின் மனநலம் கருதி' அவர் திரையில் தோன்றக் கூடாது. இருட்டறையில் உட்கார்ந்து குரல் மட்டும் கொடுக்கலாம். திரையில் நிலையத்தின் சின்னம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"எத்தனை நாளைக்கு சார்?"

"தாடி வர்ற வரைக்கும்."

"வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் பொறுப்போம்மா. நாங்க என்ன ஈவிரக்கம் இல்லாதவங்களா?"

அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ விபத்தையும் வெள்ளத்தையும் குரல் நடுங்காமல் வாசித்தவர், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக்கூட இரக்கம் வந்தது. உடனே 'நிர்வாக நோக்கில்' யோசித்து அதைச் சரிசெய்துகொண்டேன்.

அன்றிலிருந்து காலைதோறும் ஆய்வு நடந்தது. அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, புதுக் கேமராவை மேலுதட்டில் நெருக்கி, பெரிய திரையில் குழு பார்வையிடும். திரை முழுக்க உதடு. முதலாளி ஒரு குச்சியால் சுட்டிக்காட்டுவார்.

"இங்க ஏதோ கருப்பா இருக்கே?"

"அது நிழல் சார். உங்க குச்சியோட நிழல்" என்பார் லென்ஸ்.

நாட்கள் ஓடின. தாடி வரவில்லை. மீசையும் வரவில்லை. பழைய பூனைமுடி மட்டும் பழையபடியே, பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. சாதாரண மனிதர்களாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பார்கள். நாங்கள் குழு.

"வெளியில வரலேன்னா உள்ள வளருதுன்னு அர்த்தம்" என்றார் பவுடர் அக்கா.

"இது இன்னும் ஆபத்து" என்றார் முதலாளி. 'நிலைமை கவலைக்கிடம்' என்று பதிவு செய்தேன்.

இந்த நாட்டுத் தொண்டைப் பற்றி ஒருநாள் வீட்டில் பெருமையாக எடுத்துச் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்குச் சிரிக்கற?"

"நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து பண்றேங்க."

"எதை?"

"ஷேவ்தான். முகத்துல."

"எதுல?"

"உங்க ரேசர்லதான். அது ஏன் ரெண்டு நாள்ல மொக்கையாகுதுன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டீங்களே."

நான் எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவளைக் குழல் விளக்குக்குக் கீழே நிற்கவைத்து, குழுவின் முறைப்படி நெருங்கிப் பார்த்தேன். தாடி இல்லை. முள் இல்லை. கருமையும் இல்லை. ஆனால் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேர்ந்து இருக்கு" என்றாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்குப் போய் நான் சொன்னதைச் சொல்லுங்க. பாவம், அந்தப் பொண்ணு வாழ்க்கையே அந்த நாற்காலிதானே. இத்தனை வருஷமா ஒண்ணும் முளைக்கலேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொல்வது என்றுதான் கிளம்பினேன். குழு கூடியது. அந்தப் பெண்மணி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருட்டறையிலிருந்து வந்த கண்கள் வெளிச்சத்துக்குக் கூசின. முதலாளி கேட்டார்: "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, யாருக்காவது புதுசா ஏதாவது தெரியுமா?"

அந்தப் பெண்மணி என்னைத்தான் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு குடும்பத் தலைவனின் நிலையை வாசகர்கள் உணர வேண்டும். என் மனைவியின் முகத்தைக் குழுவின் மேசையில் வைப்பதா? நாளைக்கு லென்ஸ் என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தவிர, நான் எழுதிய பதிவுகள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். நிர்வாகத்தில் இதற்கு 'ரகசியக் காப்பு' என்று பெயர்.

முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது. நேயர்கள் சுற்றும் சின்னத்தைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்று புகார் செய்ததால், எட்டு மணி நாற்காலிக்கு நிரந்தரமாக ஒரு 'நம்பகமான முகம்' தேவைப்பட்டது. முதலாளியின் தங்கை மகன் வீட்டில் சும்மாதான் இருந்தார். அவருக்கு வாசிக்க வராது. அதற்கும் வழி கண்டோம். இருட்டறையில் இருக்கும் பெண்மணி ஒவ்வொரு வாக்கியமாக மெதுவாகச் சொல்ல, காதில் பொருத்திய கருவியில் கேட்டு அவர் திருப்பிச் சொல்வார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "சொன்னீங்களா?"

"சந்தர்ப்பம் சரியா அமையல."

 எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டாள். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். புதுக் கேமராவில் எங்கள் நம்பகமான முகம் பளிச்சென்று தோன்றியது. அதாவது கண்களும் நெற்றியும் தோன்றின. மற்ற இடத்தில் எல்லாம் தாடி. நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு ரொட்டித் துணுக்கு தெரிந்தது. வெள்ளத்தில் ஆறு பேர் பலி என்று புன்னகையோடு சொன்னார். சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் காத்திருந்தார்.

முதலாளி தொலைபேசியில் அழைத்தார். "பாத்தியாய்யா? என்ன கம்பீரம்!"

"பிரமாதம் சார்" என்றேன்.

என் மனைவி திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "தாடி வந்துடும்னுதானே அந்தப் பொண்ணை எழுப்பினீங்க?"

உண்மைதான். குழுவின் அறிவைக் குறைசொன்ன டாக்டர்களும் மற்றவர்களும் இனியாவது ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு மணிச் செய்தியை இன்றைக்கும் அந்தப் பெண்மணிதான் வாசிக்கிறார், தாடி வழியாக. முளைக்கும் என்று சொன்னோம். முளைத்துவிட்டது. நட்டது நாங்கள்.