மச்சம் படாத கத்தி

மேசையில் இரண்டு கத்திகள் கிடந்தன. இரண்டும் ஒரே நீளம், ஒரே மரப்பிடி, பிடியில் மூன்று பித்தளை ஆணி. இரண்டிலும் முகம் பார்த்துத் தலை சீவலாம். பஸ்ரியாம்பிள்ளை மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார். எது தன் வீட்டு மீன் கத்தி, எது பக்கத்து வீட்டுத் தில்லைநாதனின் சைவக் கத்தி என்று மனுசனுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஏன் இப்படி வேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தத் தீவில், சுருவில் ஊரில் ஒரு கிழமை இருந்து பார்க்க வேண்டும். பஸ்ரியாம்பிள்ளையின் கிணற்றில் உப்புத் தண்ணி. தண்ணிப் பவுசர் கிழமைக்கு இரண்டு நாள் வரும், நினைத்தால் வராமலும் விடும். நல்ல தண்ணி தில்லைநாதனின் கிணற்றில்தான். பன்னிரண்டு வருசமாக விடிய விடிய இரண்டு கான் அங்கேதான் நிரப்புகிறார். தில்லைநாதன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாத்தறையில் முப்பது வருசம் சைவக்கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து இருந்தவர், சுத்த சைவம். அவர் போட்டது ஒரேயொரு கட்டளை: மீன், இறைச்சி என்று மச்சம் தொட்ட கையோடு வாளியைத் தொடக்கூடாது. கடலே தொழிலான பஸ்ரியாம்பிள்ளை அந்தக் கட்டளையைப் பதினோராவது கட்டளையாக எடுத்துக்கொண்டு, முழங்கை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவார். இப்போது பன்னிரண்டு வருசத் தண்ணி மேசையில் கிடந்த ஒரு கத்தியில் வந்து நின்றது.

எல்லாம் மகன் றெக்ஷன் கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டி பார்த்த வேலை.

பெட்டிக்குள் கத்தி தீட்டுகிற ஒரு கருவி இருந்தது. கத்தியை நடுவில் ஒரு இடுக்கி பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு நீளக் கம்பி, கம்பியில் சாணைக்கல். எத்தனை பாகை சரிவு வேண்டும் என்று திருகி வைத்துவிட்டால் போதும், கல் அந்தச் சரிவை விட்டு ஒரு மயிரிழை விலகாது. கை நடுங்கினாலும் கல் நடுங்காது. பஸ்ரியாம்பிள்ளை இருபது பாகையில் வைத்துப் பாண் வெட்டுகிற கத்தியைத் தீட்டினார். ஒரு பக்க விளிம்பில் மெல்லிய பிசிர் வந்ததும் மறுபக்கம் திருப்பச் சொல்லி றெக்ஷன் வீடியோவில் சொல்லிக் கொடுத்தான். தீட்டி முடித்துப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை மேலே வைத்தார். அவர் வெட்டவில்லை. கத்தி தன்பாட்டில் இறங்கியது.

பஸ்ரியாம்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு தக்காளிப்பழம். வெட்டின பிறகும் அது முழுசாகவே இருந்தது, தொட்டுப் பார்க்கத்தான் இரண்டாகச் சரிந்தது. பிறகு கை மயிர். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் மழித்துக் காட்டிக் காட்டி, இரண்டு நாளில் இடது கை முழங்கை மட்டும் மொட்டை. அவர் பிடிக்கிற மீனை வாங்கி வீடு வீடாக விற்கிற யோகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாய் திறந்தபடி பார்த்தாள். தன் கத்தியையும் ஒருநாள் கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். இவ்வளவு வயதுக்கும் கூர் என்றால் என்னவென்று தெரியாமலே இருந்துவிட்டேனே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது.

மொட்டைக் கையை மதிலுக்கு மேலால் பார்த்த தில்லைநாதனும் முந்தநாள் பின்னேரம் ஒரு கத்தியோடு வந்தார். விறகுக் கொட்டிலுக்குள் விறகோடு விறகாகக் கிடந்ததாம். துருப்பிடித்து, பிடியில் மஞ்சள் கறை ஏறி, பாவமாக இருந்தது. கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று மதிலில் வைத்தார்.

"பஸ்ரியண்ணை, இது மச்சம் படாத கத்தி. உங்கட கத்தியளோட முட்டாமல் பாத்துக்கொள்ளும். நாளையிண்டைக்கு யாழ்ப்பாணம் போய் நாலு மணி பஸ்ஸிலை வருவன், வரேக்கை எடுக்கிறன்."

பஸ்ரியாம்பிள்ளை புதுக் கல்லுப் பூட்டித் தனியாகத் தீட்டுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபோது உண்மையாகத்தான் கொடுத்தார். ஆனால் சொரசொரப்பான கல்லிலிருந்து வழுவழுப்பான கல்லுக்கு ஐந்து தரம் கல் மாற்ற வேண்டும். ஒரு கத்திக்கு ஐந்து, இரண்டு கத்திக்குப் பத்து. இன்று காலை முதல் கல்லில் சைவக் கத்தி முடிந்ததும், கல்லைக் கழற்றாமலே மீன் கத்தியையும் ஒரு இழுவை இழுத்தால் என்ன என்று ஒரு சின்ன யோசனை வந்தது. அடுத்த கல்லுக்கும் வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் துரு கொஞ்சம், கீறல் கொஞ்சம், அடையாளம் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கல் முடிய இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன.

முதலில் மணந்து பார்த்தார். நாற்பது வருசம் கடலில் கிடந்த மூக்குக்கு எல்லாமே மீன்தான், கதிரையும் மீன்தான். ஆகவே எது எதுவானாலும் இரண்டையும் சுத்தமாக்கிவிட்டால் தோஷம் இல்லை என்று, சுடுதண்ணியில் போட்டு, புளிப்புத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுப் பிடி வெளுக்கும் வரைக்கும் கழுவினார். திருப்தியோடு கொண்டுபோய் மனைவி அல்போன்சம்மாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னார்.

அல்போன்சம்மா கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னா. "அவையின்ர கத்தியின்ர பிடியிலை மஞ்சள் கறை இருந்ததெல்லே. அதைப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்குமே."

பஸ்ரியாம்பிள்ளை தேசிக்காயைப் பார்த்தார்.

ஊர்காவற்றுறையில் புதுக் கத்தி வாங்கலாமா என்றார். இந்தப் பிடிக் கத்தி இப்போது வருவதில்லை என்றா அல்போன்சம்மா. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கொடுக்கலாமா என்றார். அப்படிக் கொடுத்துவிட்டு அவர்களுடைய தண்ணியில் தேத்தண்ணி குடிக்க உங்களுக்கு மனம் வருமோ என்று கேட்டா. அவருக்கு வராது. அதுதான் அவரிடம் இருந்த பெரிய கரைச்சல்.

அப்போதுதான் வீட்டுப் பூனை நினைவுக்கு வந்தது. மனுச மூக்குக்கு ஏலாதது பூனைக்கு ஏலும். தேசிக்காய் மணம் போக இரண்டு கத்தியையும் முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் காயவைத்தார். மரப்பிடி சூடேற, மரத்துக்குள் ஊறிக் கிடந்தது மெல்ல வெளியே வந்திருக்க வேண்டும். மதிலில் படுத்திருந்த பூனை கண்ணைத் திறந்தது, இறங்கி வந்தது. முதல் கத்தியின் பிடியை நக்கியது. பூனை தலையைத் தூக்கி யோசித்துவிட்டு, இரண்டாவது கத்திக்குப் போய் அதையும் நக்கியது. அதில் கொஞ்சம் கூட நேரமே நின்றது.

"முடிஞ்சுது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "என்ர கையும் கல்லும் அந்தச் சைவக் கத்தியை நாறடிச்சுப் போட்டுது."

மணி மூன்றரை. பஸ் வந்து தில்லைநாதன் இறங்குவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற முகத்தோடு இரண்டு கத்தியையும் ஒரு தட்டத்தில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். தில்லைநாதனின் மனைவி சரோஜினிதேவி, நெற்றி நிறைய விபூதியோடு, குசினி வாசலில் நின்றா. பஸ்ரியாம்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி கல்லில் தொடங்கிப் பூனை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். கத்தியைக் கெடுத்துவிட்டேன், இனி உங்கள் கிணற்றடிக்கு வர எனக்கு முகமில்லை என்று முடித்து, தட்டத்தை நீட்டினார்.

சரோஜினிதேவி படலைப் பக்கம் எட்டிப் பார்த்தா. பிறகு தட்டத்திலிருந்து ஒரு கத்தியை, ஒரு கணம்கூட யோசிக்காமல், எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டா.

"என்ர கை பிடிச்ச பிடி, எனக்குத் தெரியாதே? அண்ணை, பூனை நக்கின கதையை இவருக்குச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"சொல்லவேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். கத்தி என்னோட இருக்கட்டும், அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் வழமைபோல வந்து தண்ணி அள்ளுங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். பேப்பரில் கத்தி தானாக இறங்கியதைக் கண்டபோது வந்த பிரமிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சைவக் கத்தியில் மச்சம் பட்டுவிட்டது. அந்த மனுசி ஒரு சொல் கடிந்து பேசவில்லை. இவரைக் காப்பாற்ற, கட்டின புருசனுக்கே மறைக்கிறேன் என்கிறா. இவருடைய பாவத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டா. முற்றத்தில் நின்று இதையெல்லாம் கண் கலங்கச் சொல்ல, அல்போன்சம்மாவும் கலங்கிப்போனா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றா. ஒன்று காணாது, மூன்று கொளுத்துவோம் என்றார் அவர்.

"நாங்கள் வேதம், அவை சைவம் எண்டாலும், அல்போன்சா, அப்பிடி ஒரு பெரிய மனசை நான் இந்தத் தீவிலை காணேல்லை."

படலையடியில் கூடையை இறக்கிவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு நின்ற யோகம்மா, மடியிலிருந்து தன் கத்தியை எடுத்து மதிலில் வைத்தாள்.

"அண்ணை, இதைக் கெதியாத் தீட்டித் தாங்கோ. சரோஜினியக்கான்ர மீன் கத்தியை மனுசன் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்து உங்களிட்டைக் குடுத்த நாளிலையிருந்து, அவவின்ர சூடை மீனையும் நான்தானே பின்படலையடியிலை வைச்சு வெட்டிக் குடுக்கிறன்."