பெண் பார்க்க வந்தவர் கம்ப்யூட்டர் பார்த்த கதை

சூசையப்பர் துணை

அமிர்தி,
புதன்கிழமை காலை.

என்றும் என் மரியாதைக்குரிய மார்த்தாள் அக்கா அவர்களுக்கு, தம்பி செபாஸ்டியன், ஓய்வு பெற்ற வனக்காவலர், பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், செல்வமேரி, மகள் ஜெனிஸ் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே காண்க. தங்களுடைய முட்டிவலியும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னால் தங்களுக்குக் காது சரியாகக் கேட்காது, நான் கத்த வேண்டும், நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும். இது தெருவுக்குக் கேட்கலாகாத விஷயம்.

தாங்கள் பெருமுயற்சி எடுத்துப் பேசி அனுப்பிய போளூர் சம்பந்தத்தார், அதாவது பையன் அருள், அவருடைய தாயார் ஆகிய இருவரும், கடந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வாடகைக் கார் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்து சென்றார்கள் என்பதையும், அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்பதையும் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பையன் மீது குற்றமில்லை. தாயார் மீதும் குற்றமில்லை. குற்றம் முழுக்க எங்கள் பக்கம். எங்கள் பக்கத்திலும் முக்கியமாக என் பக்கம்.

முதலில் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெனிஸ் முன்னறையில் இ-சேவை சென்டர் வைத்து மலைமேல் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சாதிச் சான்று, பட்டா நகல், காலேஜ் விண்ணப்பம் என்று போட்டுக் கொடுப்பது தங்களுக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் பதினைந்து நாளாகச் சரியில்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று டப்பென்று அணையும், கொஞ்ச நேரத்தில் தானே எரியும், மறுபடி அணையும், அப்புறம் சுவிட்சை அமுக்கினாலும் ஏன்னு கேக்காது. வேலூர் மெக்கானிக் ஒருத்தன் போன்லயே நோயக் கண்டுபுடிச்சிட்டான். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க மேடம்"னான். ஜெனிஸ் போனை வெச்சிட்டு ஸ்க்ரூ டிரைவர எடுத்தா.

அக்கா, அவ செஞ்ச வேலைய நீ பாத்திருக்கணும். என் பொண்ணுன்னு சொல்லல, நெஜமாவே சொல்றேன். ஒரு நோட்டு போட்டு வரிசையா எழுதி, ஒண்ணு ஒண்ணா அடிச்சிக்கிட்டே வந்தா. மொதல்ல பிளக் பாயிண்டு. மாத்திப் பாத்தா, அது இல்ல. அப்புறம் வோல்டேஜு. ஸ்டெபிலைசர் முள்ளு மேல ரெண்டு நாளு கண்ண வெச்சிருந்தா, அதுவும் இல்ல. பேட்டரிப் பொட்டிய கழட்டிட்டு நேரா கரண்டு குடுத்தா, அதுவும் இல்ல. அப்புறம் பக்கத்துத் தகட்டத் தொறந்து, வெரல் நீளத்துக்கு ஒரு பச்ச அட்ட இருக்குது, அதுக்குப் பேரு ரேமாம், அத உருவி, பள்ளிக்கூடத்துப் பசங்க பென்சில் அழிக்கற ரப்பரால அதோட பல்ல தேய்ச்சி மாட்டனா. பெயிண்டு பிரஷ்ஷால உள்ள இருக்கற ஃபேன தூசி தட்டனா. அதுக்கும் அடங்கல. நானா இருந்தா ஒரு ஒத வுட்டிருப்பேன், சொல்லப்போனா மூணாவது நாளு வுட்டேன், கால் கட்டவெரல்தான் வீங்கிச்சி. அவ மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல. "இது இல்லன்னு தெரிஞ்சிச்சில்ல நைனா, அதுவே லாபம்"ங்கறா. முப்பத்தோரு வருஷம் காட்டுல தடம் பாத்துப் பாத்து நடந்தவன் நான், எனக்கே அந்தப் பொறும கெடையாது.

இந்த லட்சணத்துலதான் ஞாயித்துக்கெழம வந்துது. நீ சொன்ன மாதிரியே கம்ப்யூட்டர் மேல துணியப் போத்தி, பூவெல்லாம் வெச்சி, பட்டுப் பொடவ கட்டி ஜெனிஸ் ரெடியா இருந்தா. அப்பப் பாத்து ஜவ்வாது மலையில இருந்து நம்ம வேடியப்பன் எறங்கி வந்து நிக்கறாரு. பொண்ணு புவனா காலேஜ்ல சேரணும், சாதிச் சான்றுக்கு அன்னிக்கே விண்ணப்பம் போட்டாத்தான் ஆச்சி. "இன்னிக்கி வூட்ல விசேஷம், நாளைக்கி வாங்க"ன்னு நான் சொல்ல வாயெடுக்கறேன், ஜெனிஸ், "உக்காருங்க மாமா, நான் போடறேன்"னுட்டா. பட்டுப் பொடவையோட துணிய எடுத்தா, கம்ப்யூட்டரப் போட்டா. விண்ணப்பத்துல பாதி ஏத்தறதுக்குள்ள அது அணைஞ்சிது, அதே நேரத்துல வாசல்ல காரு வந்து நின்னுது.

காப்பி குடுத்தாச்சி, பலகாரம் வெச்சாச்சி. வேடியப்பன் மூலையில ஸ்டூல்ல உக்காந்துக்கினு இருந்தாரு, அவருக்கும் ஒரு தட்டு குடுத்தோம், நல்ல மனுஷன், இன்னா பண்றது. நான் பேச்சுக் குடுக்கணுமேன்னு, "தம்பி கம்ப்யூட்டர் இன்ஜினியரு, அவரு ஒரு பார்வ பாத்தாலே இது எழுந்து ஓடும்"னேன். அதுக்கு அந்தப் பையன் சொன்ன பதில கேளு அக்கா. "அங்கிள், எனக்குப் பொட்டியத் தொறக்கவே தெரியாதுங்க. மத்தவங்க எழுதற புரோகிராம்ல எங்க தப்பிருக்குன்னு சோதிக்கறதுதான் என் வேல"ங்கறான். அவங்க அம்மா அவன ஒரு மொற மொறச்சாங்க. எனக்கு அப்படியே மனசு குளுந்துபோச்சி. பொண்ணு பாக்க வந்த எடத்துல எவன் சொல்லுவான் எனக்குத் தெரியாதுன்னு? செல்வமேரியப் பாக்கப் போனப்போ நான் ஆத்துல எதிர்நீச்சல் போடுவேன்னு சொன்னவன். இன்னிக்கி வரைக்கும் முட்டிக்கு மேல தண்ணியில எறங்கனதில்ல.

தெரியாதுன்னு சொன்னவன் சும்மாவும் உக்காரல. ஜெனிஸப் பாத்து, "எவ்ளோ நேரம் ஓடி அணையுது?"ன்னு கேட்டான். மொத தடவ அவன் அவகிட்ட பேசன வார்த்தையே அதுதான். அவளுக்குத் தெரியல. பதினஞ்சி நாளா எல்லாத்தையும் பாத்தவ அத மட்டும் எண்ணிப் பாக்கல. ரெண்டு பேரும் நோட்ட எடுத்துக்கினாங்க, போன்ல நேரம் வெச்சாங்க. ஆறிக் கெடந்து எழுந்தா பதினோரு நிமிஷம் ஓடுது. ஒடனே போட்டா நாலு நிமிஷம்தான். ஆறவெச்சா மறுபடி பதினோரு நிமிஷம். "அப்ப சூடுதான்"னான் அவன். "உள்ள ஃபேன் சுத்துதே"ன்னா இவ. அவன் எழுந்து, தரையில மண்டி போட்டு, செவுத்துக்கும் பொட்டிக்கும் நடுவுல கைய வுட்டு, "பின்னாடி இருந்து காத்தே வரலீங்களே"ன்னான். பொட்டியத் திருப்பி டார்ச் அடிச்சாங்க. கரண்டு வாங்கிப் பிரிச்சிக் குடுக்கற டப்பா பின்னாடி இருக்குது பாரு, அதோட ஃபேன்ல குளவி கூடு கட்டி வெச்சிருக்குது! மண்ணு வெச்சி, பூசி, மெழுகி, றெக்க அசைய எடமில்லாம. முன்னாடி பாத்தா, பக்கத்துல பாத்தா, செவுத்துப் பக்கம் மட்டும் அவ பாக்கல. அது எப்பவோ வந்து குடித்தனம் நடத்தியிருக்குது.

ஜெனிஸ் பிளக்கப் புடுங்கிட்டு, தொடப்பத்துல ரெண்டு குச்சிய உருவி, அவன் டார்ச்சப் புடிக்க, மேசைக்கடியில உக்காந்து மண்ண நோண்ட ஆரம்பிச்சா. அவன் வெள்ளச் சட்ட பூரா செம்மண்ணு. இது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துது. அவங்க அம்மா கூட, "பொண்ணு கைவேலக்காரியா இருக்குதே"ன்னாங்க. அப்பத்தான் நம்ம வேடியப்பன் எழுந்து வந்து கூட்டப் பாத்தாரு. மொகமெல்லாம் சிரிப்பு. "குளவி கட்டியிருக்குதா! ரொம்ப சந்தோஷம்! வூட்ல யாருமா முழுவாம இருக்கறது?"ன்னு கேட்டாரு.

குளவி கூடு கட்டனா அந்த வூட்ல யாரோ உண்டாயிருக்காங்கன்னு நம்ம பக்கத்துல பேச்சு இருக்கறது ஒனக்கே தெரியும். அவரு வாழ்த்தாத்தான் சொன்னாரு, பாவம். ஆனா பொண்ணு பாக்கற வூட்ல வயசுப் பொண்ணு ஒருத்திதானே இருக்குது! அவங்க அம்மா காப்பி டம்ளர கீழ வெச்ச சத்தம் எனக்கு வெடி சத்தமா கேட்டுது. செல்வமேரி சுவரோட சுவரா நிக்கறா. நான் எப்படியாவது பொண்ணு பேரக் காப்பாத்தணுமேன்னு, யோசிக்க நேரமில்லாம, "அது எங்களுக்கா இருக்குங்க"ன்னுட்டேன். எனக்கு அறுபத்திரெண்டு, செல்வமேரிக்கு அம்பத்தேழு. அவ என்னப் பாத்த பார்வய எந்த மிருகத்துகிட்டயும் நான் பாத்ததில்ல.

அதோட வுட்டிருந்தாலும் தப்பிச்சிருப்பேன் அக்கா. மேசைக்கடியில பாத்தா ஜெனிஸும் அந்தப் பையனும் பொட்டியப் புடிச்சிக்கினு ஒடம்பு குலுங்கறாங்க. தோளு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது, வாயில சத்தமே இல்ல. ஐயோ, கரண்டு புடிச்சிக்கிச்சின்னு நெனச்சி ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணேன். கரண்டு புடிச்சவங்கள கையால தொடக் கூடாது, கட்டையாலதான் தட்டி வுடணும்னு டிப்பார்ட்மெண்ட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. கைக்குக் கெடைச்சது அந்தத் தொடப்பம். அதோட கட்டையால பையன் முதுவுல ரெண்டு வெச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சிது, அவங்க சிரிச்சிக்கினு இருந்திருக்காங்க. பிளக்கும் அப்பவே புடுங்கனதுதான். பெத்தவ கண்ணு முன்னாடி, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைய, தொடப்பத்தால அடிச்ச மாமனாரு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அவங்க அம்மா முந்தானையால மொகத்த மூடிக்கினு விறுவிறுன்னு போயி கார்ல உக்காந்துட்டாங்க. பையன் இன்னா பண்ணான் தெரியுமா? சட்டைய ஒதறிக்கினு, "பரவால்ல அங்கிள்"னு சொல்லிட்டு, மிச்ச மண்ணையும் நோண்டி எடுத்து, மெயினும் பிளக்கும் போட்டு, கம்ப்யூட்டரப் போட்டான். "ஒரு மணி நேரம் ஓடுதான்னு பாக்காம எப்படிங்க வுட்டுட்டுப் போறது"ங்கறான். காரு ஆரன் அடிக்குது, அவன் அசையல. வேடியப்பனுக்கு விண்ணப்பம் போட்டு, ரசீத அச்சடிச்சிக் குடுத்து, அப்புறமும் ரெண்டு பேரும் திரையப் பாத்துக்கினே உக்காந்திருந்தாங்க. பொண்ணும் புள்ளையும் தனியா பேசட்டும்னு ஊர்ல பத்து நிமிஷம் குடுப்பாங்க. இவங்க ஒரு மணி நேரம் உக்காந்தாங்க, ஒரு வார்த்த குடும்ப விஷயம் பேசல. "இப்ப எவ்ளோ?"ங்கறான் அவன், "இருவத்தேழு"ங்கறா இவ. "தொட்டுப் பாருங்க, சூடா?"ங்கறா, "இல்லீங்க, ஜில்லுனு இருக்குது"ங்கறான். இதுதான் பேச்சு. பொண்ணு மேல அவனுக்கு நாட்டமில்லன்னு எனக்கு அப்பவே புரிஞ்சிபோச்சி. அறுபது நிமிஷம் ஆச்சி, எழுந்தான், கும்புட்டான், "போய்ட்டு போன் பண்றோங்க"ன்னான். அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு பொண்ணப் பெத்தவங்களுக்குத் தெரியும். மூணு நாளாவுது, போன் வரல.

அக்கா, வெக்கத்த வுட்டுச் சொல்றேன், நேத்து சாயந்திரம் வூட்டுப் பின்னாடி நின்னு அழுதேன். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லி, தெரிஞ்சதப் பொறுமையா செஞ்சி, அடி வாங்கியும் ஏழைக்கு விண்ணப்பம் போட்டுக் குடுத்துட்டுப் போன பையன, என் கையால தொரத்திட்டேன். அந்த மாதிரி ஒருத்தன் திரும்பக் கெடைப்பானா? ஜெனிஸக் கேட்டா, "சிஸ்டம் நல்லா ஓடுது நைனா"ங்கறா. அதையா நான் கேட்டேன்?

ஆகையால், தாங்கள் நேரில் சென்று அந்த அம்மாளிடம் என் சார்பாக மன்னிப்புக் கேட்டு, குளவி பற்றி விளக்கி, செல்வமேரி விஷயமாக நான் சொன்னது பொய் என்பதையும் தெளிவுபடுத்தி, ஜெனிஸ் போட்டோவைத் திரும்ப வாங்கி வைக்கவும். இனிமேல் பார்க்கும் வரன் பேங்க், ரயில்வே, வாத்தியார் எதுவானாலும் சரி, கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஆளுக்கொரு சிலுவை போடவும். மாதா உங்கள் வீட்டில் எந்தப் பூச்சியையும் அண்டவிடாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ம. செபாஸ்டியன்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் ஜெனிஸ் போன் அடித்தது. அருள்தான். நான் கதவோரமா நின்னு கேட்டேன், தப்புதான். "உங்கம்மா இன்னுமா சிரிக்கறாங்க? மூணு நாளாவா?"ங்கறா. "தொடப்பத்த எங்க நைனா கைக்கு எட்டாத எடத்துல வெச்சிடறேங்க"ங்கறா. அப்புறம் கொரல எறக்கி, "ஆமாங்க, மறுபடியும் அணைஞ்சி அணைஞ்சி எரியுது. என்னால முடியல. ஞாயித்துக்கெழம நீங்க வந்து பாத்தாத்தான் ஆவும்"ங்கறா. உள்ள எட்டிப் பாத்தேன். அவ எதிர்ல கம்ப்யூட்டர் ஜம்முனு ஓடுது அக்கா. ஒரு கையில போன், இன்னொரு கையால யாருக்கோ பட்டா போட்டுக்கினு இருக்கறா. என்னப் பாத்ததும் வாயில வெரல வெச்சா. நான் பேசல. நீயும் போளூர்ல யார்கிட்டயும் ஒண்ணும் பேசாத, போட்டோவ வாங்காத.