தொடைக்குக் கிடைத்த சர்டிபிகேட்

தூத்துக்குடி,
12-1-1975

வள்ளத்துச் சொந்தக்காரரும் பிலோமினாவைப் பெற்றவருமான மாமா ஜேசுபாதம் அவர்களுக்கு, மருமகன் பாஸ்கல் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மகளும் சுகம். அங்கும் எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

மாமா, ஜெயித்துவிட்டேன்! போன மாதம் ஒரு கால் ஜெட்டிப் பாலத்திலும் ஒரு கால் வள்ளத்திலுமாக நான் நிற்கையில் வள்ளம் விலகி, தொடையின் உள்சதை கிழிந்ததும், "டாக்டர் சீட்டு இல்லாம இந்த வருசம் சங்கு குளிக்க ஏத்த மாட்டேன் மாப்பிள" என்று நீங்கள் சொன்னதும் மறக்கக்கூடியதா? இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளியூர் டாக்டர் ஒருவர், சதை எவ்வளவு வேலை செய்கிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும் மிஷின் கொண்டுவந்திருக்கிறார். ஊசி கிடையாது, தோல்மேல் ஒட்டுவதோடு சரி. சாரத்தை ஏற்றிக் காலை நீட்டச் சொன்னார், நீட்டினேன். நர்ஸ் கிரேசி சவரக் கத்தியோடு வந்ததும் உங்கள் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் தன் கையை என் முழங்கால்களுக்கு நடுவே வைத்து நெருக்கச் சொல்லி, எழும்பிய சதையைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சட்டைப் பொத்தான் அளவு வில்லைகள் இரண்டைச் சதையின் போக்கிலேயே ஒட்டினார். மூன்றாவது முழங்கால் சிரட்டையில்.

பிறகு மறுபடி கையை நடுவில் வைத்து, "மூச்ச இழுத்து நல்லா நெருக்குங்க" என்றார். மூச்சை இழுத்தால் நாம் சும்மா விடுகிறவர்களா மாமா? அடக்கிக்கொண்டு நெருக்கினேன், நெருக்கினேன், மிஷின் பேனா தாவுகிறது, காகிதம் தரையில் ஓடுகிறது, கிரேசி "சார், ஆளு மூச்சே விடல!" என்று கத்துகிறாள், டாக்டரோ "கை, கை!" என்கிறார். ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் விட்டேன். அவர் விரல்களை ஊதிக்கொண்டே, "இந்தச் சதைக்கு ஒரு கொறையும் இல்ல, என் கையத்தான் இனி டாக்டர்ட்ட காட்டணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே என் இடத்தில் ஏற்றியிருக்கும் செந்தூர்பாண்டியை உடனே இறக்கிவிடவும்.

மாமிக்கு என் தோத்திரம். மாதா உங்கள் வலையையும் வள்ளத்தையும் காப்பாளாக.

அன்பு மருமகன்,
பாஸ்கல்

பி.கு: சிரைத்த இடத்தை இப்போதுதான் பார்த்த பிலோமினா, "ஏங்க, உங்களுக்கு அடிபட்டது இடதுகால்லா?" என்கிறாள். நல்ல காரியமாயிற்றே என்று வலதுகாலை முதலில் நீட்டியிருக்கிறேன். செந்தூர்பாண்டி இருக்கட்டும்.